ரிசைன் செய்வதற்கு முன்னால்

செஸ் ஆடும் ஒருவர் கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஒரு காய் போனாலே எனக்குக் கை தளர்ந்துவிடுகிறது. போன வாரம் என் ராஜா பி1-இல், சிப்பாய் சி2-இல். வெள்ளைக்கு ராணி இருந்தது, அவருடைய ராஜா தூரத்தில் ஜி7-இல். ராணியை பி3-இல் வைத்து செக் சொன்னார். தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் செய்துவிட்டேன். தோற்ற ஆட்டங்களைச் சிலர் எப்படியோ டிரா செய்துவிடுகிறார்கள். அது அதிர்ஷ்டமா, கற்றுக்கொள்ளக் கூடியதா?"

முதலில் அந்த நிலையையே பார்த்துவிடுவோம். நீங்கள் ரிசைன் செய்தது தோற்ற ஆட்டம் இல்லை, டிரா. ராஜாவை ஏ1 மூலைக்கு நகர்த்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ராணி சி2 சிப்பாயை வெட்டினால் உங்கள் ராஜாவுக்கு ஏ2, பி1, பி2 மூன்று கட்டமும் அடைபடும், செக்கும் இல்லை, நகர்த்த வேறு காயும் இல்லை. விதிப்படி அப்படியானால் டிரா, அதன் பெயர் ஸ்டேல்மேட். வெட்டாமல் தன் ராஜாவைக் கிட்டே கொண்டுவரப் பார்த்தால் நீங்கள் சி1-இல் ராணியாக்கிவிடுவீர்கள். அவருக்கு வழியே இல்லை. ஏழாவது வரிசை வரை போய்விட்ட சிப்பாய் ஏ, சி, எஃப், எச் ஃபைல்களில் (செங்குத்து வரிசைகளில்) இருந்து, பக்கத்தில் ராஜாவும் இருந்து, எதிராளியின் ராஜா தூரத்தில் இருந்தால், பொதுவாக ராணியால் வெல்ல முடியாது. பி, டி, இ, ஜி ஃபைல் சிப்பாய் என்றால் ராணி வெல்லும். அங்கே ராணி செக் வைத்து வைத்து உங்கள் ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் நிற்க வைக்கும், ஒவ்வொரு முறையும் வெள்ளை ராஜா ஒரு அடி கிட்டே வரும். உங்கள் ஆட்டத்தில் ராஜாவை சி1-க்குக் கொண்டுபோயிருந்தால் அப்படி ஒரு அடி கிட்டே வர வெள்ளை ராஜாவுக்கு நேரம் கிடைத்திருக்கும். நேராக டிரா தரும் கட்டம் ஏ1.

ஆக, கேள்விக்கு முதல் பதில்: கற்றுக்கொள்ளக் கூடியதுதான். அதில் பாதி, இப்படி எந்தெந்த நிலைகள் டிரா என்று தெரிந்து வைத்திருப்பது. மறுபாதி, தோற்ற நிலையை எப்படிப் பார்க்கிறோம் என்பது. அந்த மறுபாதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நாம் எல்லோரும் கணக்குப் போட்டுப் பழகிவிட்டோம். குதிரை போனால் மூன்று புள்ளி, யானை போனால் ஐந்து. இப்போது இன்ஜினும் (செஸ் ஆடும் கணினி நிரல்) ஒரு எண்ணைக் காட்டுகிறது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த எண்ணை வைத்து ஜெயிக்க முடியாது. ஒவ்வொரு நகர்வாக, சரியாக ஆடித்தான் ஜெயிக்க வேண்டும். அதனால் நான் தோற்ற நிலையில் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: எதிராளி இன்னும் எத்தனை கஷ்டமான முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது? இரண்டு சிப்பாய் குறைவு, எல்லாக் காயும் வெட்டுப்பட்டுவிட்டது, வெறும் சிப்பாய் எண்ட்கேம் (கடைசிக் கட்ட ஆட்டம்) என்றால் அவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுமே இல்லை. ஒரு முழுக் குதிரை குறைவு, ஆனால் ராணிகளும் யானைகளும் பலகையில் இருக்கின்றன, அவருடைய ராஜாவுக்கு முன்னால் சிப்பாய் அரண் இல்லை என்றால் பத்து கஷ்டமான முடிவுகள் பாக்கி. புள்ளிக்கணக்கில் இரண்டாவதுதான் மோசம். ஆனால் எனக்கு ஆட வேண்டும் என்றால் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

இப்படி எதிராளியைச் சிக்கலில் தள்ளித் தோற்ற ஆட்டத்தைக் காப்பாற்றுவதைத்தான் செஸ்ஸில் ஸ்விண்டில் என்கிறார்கள். பெயரில் மோசடி என்ற பொருள் இருந்தாலும் அதில் அநியாயம் எதுவும் இல்லை. எல்லாம் பலகையின் மேல்தான் நடக்கிறது, எல்லாவற்றையும் எதிராளியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்க சாம்பியனாக இருந்த ஃபிராங்க் மார்ஷல் இதற்கே பேர் போனவர். அவர் தோற்ற நிலையில் இருக்கும்போதுதான் அதிகம் பயப்பட வேண்டும் என்ற அளவுக்குப் பெயர்.

இந்தக் கலையின் உச்சம் என்று பலரும் காட்டுவது 1963-64 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் லாரி எவன்ஸ், சாமுவேல் ரெஷெவ்ஸ்கி இருவரும் ஆடிய ஆட்டம். பாபி ஃபிஷர் 11 ஆட்டத்தில் 11-ம் ஜெயித்தாரே, அதே போட்டி. எவன்ஸ் வெள்ளை, தெளிவாகத் தோற்ற நிலை. 47-ஆவது நகர்வில் அவர் எச் சிப்பாயை எச்4-க்குத் தள்ளினார். பார்த்தால் சும்மா ஒரு நகர்வு போல இருக்கும். அதனால் நடந்தது என்ன என்றால், அந்தச் சிப்பாய் கறுப்பின் எச்5 சிப்பாயில் முட்டி நின்றுவிட்டது. ரெஷெவ்ஸ்கி யானையை இ2-க்குக் கொண்டுவந்து செக் வைத்தார். எவன்ஸ் ராஜாவை எச்1 மூலையில் ஒதுக்கினார். இப்போது அவருக்கு நகரக் கூடிய சிப்பாய் என்று ஜி3-இல் உள்ளது ஒன்றுதான் பாக்கி. ரெஷெவ்ஸ்கி அதை ராணியால் வெட்டினார். மேட் மிரட்டலோடு ஒரு சிப்பாய், யார்தான் வெட்ட மாட்டார்கள்? உடனே எவன்ஸ் தன் ராணியை ஜி8-இல் கொண்டுபோய் செக் வைத்தார். ராஜா வெட்டித்தான் ஆக வேண்டும். அடுத்து யானை ஜி7 சிப்பாயை வெட்டி செக். அந்த யானையை ராஜா வெட்டினாலும் ஸ்டேல்மேட், ராணி வெட்டினாலும் ஸ்டேல்மேட். வெட்டாமல் ஒதுங்கினால் யானை செக் வைத்துக்கொண்டே இருக்கும். டிரா.

இதில் நான் மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பது ராணி பலியை இல்லை, அந்த எச்4 நகர்வைத்தான். ஸ்டேல்மேட் தந்திரத்தின் முழு சூத்திரமும் அதில் இருக்கிறது. ஸ்டேல்மேட்டுக்கு மூன்று தேவை. ராஜாவுக்கு நகர இடம் இருக்கக் கூடாது. உங்கள் சிப்பாய்கள் எல்லாம் முட்டி நிற்க வேண்டும், அல்லது பலகையில் இல்லாமல் இருக்க வேண்டும். மிச்சமுள்ள பெரிய காய்களைக் கட்டாயப்படுத்திக் கொடுக்க முடிய வேண்டும். மூன்றாவது கண்ணைப் பறிக்கும், அதனால் எல்லோரும் அதையே தேடுகிறார்கள். உண்மையில் வேலை இரண்டாவதில்தான். தோற்ற நிலையில் உங்கள் சிப்பாய்களை எண்ணுங்கள். எவை ஏற்கெனவே முட்டி நிற்கின்றன? எதை ஒரே தள்ளில் முட்ட வைக்கலாம்? எதை வெட்டக் கொடுக்கலாம்? சாதாரண ஆட்டத்தில் நகரும் சிப்பாய் சொத்து. இங்கே அது சுமை.

நான் ஏமாந்த ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் யானையும் குதிரையும், அவரிடம் யானை மட்டும். என் சிப்பாயை எச்6 வரை தள்ளியிருந்தேன், என் யானை ஜி ஃபைலைப் பிடித்திருந்தது. அவருடைய ராஜா எச்8-இல், அதற்கு முன் எச்7-இல் அவருடைய சிப்பாய். அந்த ராஜாவை இப்படிக் கூண்டில் அடைத்ததில் எனக்கு ரொம்பத் திருப்தி. அவர் நிதானமாக ஏ5-இல் இருந்த சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார். அது என் ஏ3 சிப்பாயில் முட்டி நின்றது. ஆடுவதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் தள்ளுகிறார் என்று நினைத்து நான் குதிரையை நகர்த்தினேன். அடுத்த நகர்வில் அவருடைய யானை டி2-இல் வந்து, டி3-இல் இருந்த என் ராஜாவுக்குப் பக்கத்திலேயே நின்று செக் சொன்னது. வெட்டினேன். வெட்டிய பிறகுதான் அவர் கடிகாரத்தை நிறுத்துவதைப் பார்த்தேன். எச்7 சிப்பாய் அடைபட்டது, ஏ4 சிப்பாய் அடைபட்டது, ராஜாவுக்கு ஜி8-ம் இல்லை, ஜி7-ம் இல்லை. நான் கட்டிய கூண்டுதான் அவரைக் காப்பாற்றியது.

இந்த வகை யானையைப் பைத்தியக்கார யானை என்று செஸ்காரர்கள் சொல்வதுண்டு. எங்கே வேண்டுமானாலும் வந்து செக் வைக்கும், வெட்டினால் டிரா. இதை முயலும்போது ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள்: வெட்டப் போகும் காய் எது? மேலே சொன்ன நிலையில் ஜி ஃபைலில் உள்ள யானையே வந்து வெட்டியிருந்தால் ஜி8 திறந்துவிடும், ஸ்டேல்மேட் கலைந்துவிடும், அவர் கையில் யானையும் இருக்காது. உங்கள் ராஜாவைப் பூட்டி வைத்திருக்கும் காய் தன் இடத்தை விட்டு வராமல், வேறொரு காய் வெட்டும்படி பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், கோட்டை கட்டுவது. எதிராளிக்கு எவ்வளவு காய் இருந்தாலும் உள்ளே நுழைய வழி இல்லாதபடி பலகையை மூடிவிடுவது. இதற்கு 1970-இல் ஷில்டேயில் நடந்த ஆட்டத்தை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. வெள்ளை அர்ஷாக் பெத்ரோசியான் (உலக சாம்பியன் டிக்ரான் பெத்ரோசியான் வேறு, இவர் வேறு), கறுப்பு லாஸ்லோ ஹசாயி. ஹசாயியின் ஒரு சிப்பாய் விழப் போகிறது, அது போனால் நிலையே நொறுங்கிவிடும். அவர் தன் ராணியை பி6-இல், வெள்ளைக் குதிரை வெட்டும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். பெத்ரோசியான் வெட்டினார். சிப்பாயால் திருப்பி வெட்டியதும் அந்தப் பக்கம் முழுக்கச் சுவர் எழுந்துவிட்டது. வெள்ளையிடம் ராணி இருக்கிறது, ஆனால் அது நுழைய ஒரு சந்து கூட இல்லை. கடைசியாக ராஜா பக்கம் ஒரு கதவைத் திறக்கப் பார்த்தார். ஹசாயி ஒரு சிப்பாயைக் கொடுத்து அதையும் சாத்தினார். பெத்ரோசியான் அந்த ராணியை வெட்டாமலே இருந்திருந்தால் வென்றிருப்பார். சும்மா கிடைக்கும் ராணியை வெட்டாமல் இருக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? மூடிய நிலை கிடைத்தால் இந்தக் கண்ணோடு பாருங்கள்: எந்தச் சிப்பாய் எந்தக் கட்டத்துக்குப் போனால் கடைசி ஓட்டை அடைபடும்?

எண்ட்கேமில் நேராகப் போய் ஒதுங்கக் கூடிய நிழல்கள் சில உண்டு. எதிராளியின் ராஜா இ6-இல், சிப்பாய் இ7-இல், உங்கள் ராஜா இ8-இல், நகர்வு உங்களுடையது என்றால் ஸ்டேல்மேட், இது எல்லோருக்கும் தெரிந்தது. பிஷப்பும் ஓரத்துச் சிப்பாயும் சேர்ந்த நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையின் ஏ சிப்பாய் ராணியாக வேண்டிய ஏ8 வெள்ளைக் கட்டம். அவருடைய பிஷப் கறுப்புக் கட்டத்தில் ஓடுவது என்றால், உங்கள் ராஜா அந்த மூலையைப் பிடித்துவிட்டால் போதும், அங்கிருந்து துரத்த முடியாது. இதை வெறும் தகவலாக வைத்துக்கொள்ளாமல், பத்து நகர்வுக்கு முன்பே அந்த இடத்தைக் குறிவைத்து ஆட வேண்டும். அவரிடம் அந்த பிஷப்பும் ஏ, பி சிப்பாய்களும் இருந்து உங்களிடம் குதிரை இருந்தால், குதிரையைக் கொடுத்து பி சிப்பாயை வெட்டிவிட்டு மூலைக்கு ஓடலாம். அதே மாதிரி, வெறும் ராஜாவை இரண்டு குதிரைகளால் கட்டாயப்படுத்தி மேட் செய்ய முடியாது. எதிராளியிடம் இரண்டு குதிரையும் ஒரு சிப்பாயும் இருந்தால் அந்தச் சிப்பாய்க்கு உங்கள் கடைசிக் காயைக் கொடுத்துவிடலாம். ஆனால் அப்போது உங்களிடம் ஒரு சிப்பாய் மிஞ்சியிருந்தால் கவனம்! உங்களுக்கு நகர்த்த ஒன்று இருப்பதாலேயே ஸ்டேல்மேட் ஆகாமல் போய், சில நிலைகளில் அந்த இரண்டு குதிரைகள் மேட் செய்துவிடும். மேலே சொன்ன சுமை இதுதான்.

ஐம்பது நகர்வு விதியையும் மறக்காதீர்கள். வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் இரு பக்கமும் 50 நகர்வு போனால் டிரா கேட்கலாம். பிஷப்பும் குதிரையும் வைத்து மேட் செய்வது மிகச் சரியாக ஆடினால் அதிகபட்சம் 33 நகர்வில் முடியும். முடிய வேண்டும் என்பது ஏட்டில். பெண்கள் உலக சாம்பியனாக இருந்த அன்னா உஷெனினாவே 2013-இல் ஜெனீவாவில் அதைச் செய்ய முடியாமல் டிராவில் விட்டார். அந்த நிலை வந்தால் ராஜாவை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மூலைக்குத் தள்ளும்போது பிஷப் ஆள முடியாத நிறத்து மூலைக்கு ஓடுங்கள், அங்கே கட்டாயப்படுத்தி மேட் செய்ய முடியாது.

இதெல்லாம் கடைசிக் கட்டம். அதற்கு முன்பே, பலகையில் காய்கள் இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். காய் இழந்த அதிர்ச்சியில் வேக வேகமாக இரண்டு மூன்று நகர்வு ஆடிவிடுகிறார்கள். உண்மையான தோல்வி அந்த இரண்டு மூன்றில்தான் நடக்கிறது. எழுந்து ஒரு நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். இப்போதுதான் இந்த நிலையை முதல் முறை பார்ப்பது போல உட்காருங்கள். அப்புறம் எதிராளி எப்படி ஜெயிக்க நினைக்கிறார் என்று கண்டுபிடியுங்கள். அவர் காய்களை மாற்றி மாற்றி வெட்டிச் சுலபமாக்கப் பார்ப்பார், அதற்கு விடாதீர்கள். பெரிய காய்களை, முக்கியமாக ராணியை, வைத்துக்கொள்ளுங்கள். சிப்பாய்களை மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவருக்குக் கடைசிச் சிப்பாயும் போய்விட்டால் ஒரு குதிரையோ பிஷப்போ அதிகம் இருந்தும் பெரும்பாலும் வெல்ல முடியாது. யானையைச் சிப்பாய்க்குக் காவலாகப் பின்னால் நிறுத்தாதீர்கள். அந்தச் சிப்பாய் போனாலும் போகட்டும், யானை முன்னால் போய் அவருடைய ராஜாவையும் சிப்பாய்களையும் தொந்தரவு செய்யட்டும்.

நகர்வைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயம். இன்ஜின் சொல்லும் மிகச் சிறந்த நகர்வு, தோல்வியை அதிக நேரம் தள்ளிப்போடும் நகர்வு. அதை ஆடினால் எதிராளிக்குப் பல வழிகளில் வெல்ல முடியலாம். இன்னொரு நகர்வு கணக்கில் மோசம், ஆனால் அதற்கு ஒரே ஒரு பதில்தான் வெல்லும், அந்தப் பதிலும் யாருக்கும் முதலில் தோன்றாத பதில் என்றால், நான் இரண்டாவதை ஆடுவேன். நிலை நிஜமாகவே தோற்றது என்று உறுதியானால் மட்டும். இன்னும் தாக்குப்பிடிக்கக் கூடிய நிலையில் பொறி வைக்கிறேன் என்று கெடுத்துக்கொண்டால் அது வெறும் அவசரம். நல்ல பொறி எப்போதும், எதிராளி இயல்பாகவே ஆட விரும்பும் நகர்வைத் தவறாக்கும் பொறி. ரெஷெவ்ஸ்கி வெட்டிய ஜி3 சிப்பாய், பெத்ரோசியான் வெட்டிய ராணி, நான் வெட்டிய யானை, மூன்றும் கை தானாகப் போன இடங்கள்.

பொறி எதுவும் கிடைக்காவிட்டால் சும்மா பிடித்து நிற்பதும் வேலை செய்யும். 2016-இல் நியூயார்க்கில் உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டி. 3-ஆவது ஆட்டத்தில் 78 நகர்வு, 4-ஆவது ஆட்டத்தில் 94 நகர்வு என்று சாம்பியன் கார்ல்சன் அழுத்திக்கொண்டே இருந்தார். அவரை எதிர்த்து ஆடிய கர்ஜாகின் இரண்டையும் டிரா செய்தார். கையில் வந்தது போலத் தெரிந்த இரண்டு வெற்றியும் நழுவிப் போனால் மனிதர் என்ன ஆவார்? 8-ஆவது ஆட்டத்தில் கார்ல்சன் டிராவுக்கு ஒப்பாமல் அளவுக்கு மீறி முயன்று தோற்றார். கடைசியில் பட்டத்தை அவர் காப்பாற்றிக்கொண்டார் என்றாலும், நீங்கள் காப்பாற்றும் அரைப் புள்ளி அன்றைக்கே முடிவதில்லை என்பதற்கு அந்தப் போட்டி சாட்சி. சோர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் பட்டப் போட்டி. 14-ஆவது ஆட்டம், டிராவை நோக்கிப் போன எண்ட்கேமில் குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் வெட்டுப்பட்டன, பிஷப்புகளும் மாறியே ஆக வேண்டும், மிச்சம் தோற்ற சிப்பாய் எண்ட்கேம். உலக சாம்பியனுக்கே இது நடக்கும் என்றால், உங்கள் எதிராளி அடுத்த முப்பது நகர்வையும் பிழை இல்லாமல் ஆடுவார் என்று ஏன் முன்கூட்டியே முடிவு செய்கிறீர்கள்?

செய்யக் கூடாதவை சிலவும் உண்டு. தோற்ற நிலையில் திரும்பத் திரும்ப டிரா கேட்பது எதிராளியைத் தொந்தரவு செய்வது, விதியும் அனுமதிக்காது. பெருமூச்சு விட்டு நடிப்பதும் வேண்டாம். அவருக்கு நேரம் குறைவாக இருக்கிறது என்று நீங்களும் சேர்ந்து வேகமாக ஆடாதீர்கள். உங்களுக்கு நேரம் இருந்தால் அவர் எதிர்பார்க்காத நகர்வை யோசித்துக் கண்டுபிடித்து, அவருக்கு மிஞ்சிய சில விநாடிக்குள் அவரை யோசிக்க வையுங்கள்.

எப்போது ரிசைன் செய்வது? மேட் கண்ணுக்குத் தெரிகிறது, தடுக்க முடியாது என்றால் செய்யலாம். எதிராளி எடுக்க வேண்டிய முடிவு ஒன்றும் மிச்சமில்லை, அவருக்கு நேரமும் இருக்கிறது என்றாலும் செய்யலாம், அதில் வெட்கம் இல்லை. ஆனால் ரிசைன் செய்யும் முன் உங்களால் வைக்க முடிந்த எல்லா செக்கையும், எல்லா வெட்டையும் ஒரு முறை பாருங்கள். "பின்" ஆகி நிற்கும் காயையும் (நகர்ந்தால் பின்னால் உள்ள பெரிய காய் தாக்கப்படும் என்று கட்டுண்டு நிற்பது) பாருங்கள், அது நிஜமாகவே நகர முடியாததா என்று. 1902-இல் மாண்டே கார்லோவில் போப்பியலுக்கு எதிராக மார்கோவின் பிஷப் டி4-இல் மாட்டிக்கொண்டது. அது போய்விடும் என்று ரிசைன் செய்தார். அந்த பிஷப்பை ஜி1-க்கு நகர்த்தியிருந்தால் ஒரே நேரத்தில் மேட் மிரட்டலும் எதிராளி ராணியின் மேல் தாக்குதலும் வந்திருக்கும். வெல்லும் நிலையில் அவர் ரிசைன் செய்திருக்கிறார்!

பயிற்சிக்கு இன்ஜினோடு தோற்ற நிலையை ஆடிப் பார்க்காதீர்கள், அது மனிதர் செய்யும் தவறுகளைச் செய்யாது, உங்களுக்குச் சலிப்புதான் மிஞ்சும். உங்கள் அளவில் ஆடும் நண்பர் ஒருவரோடு உட்காருங்கள். நீங்கள் தோற்ற பழைய ஆட்டங்களில் இருந்து, காய் போன இடத்தை எடுத்து வையுங்கள். பத்து நிமிடக் கடிகாரம். ஒரு முறை நீங்கள் தோற்ற பக்கம், அடுத்த முறை அவர். வெல்லும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் எந்த நகர்வு உங்களை எரிச்சலூட்டுகிறது, எங்கே கை தானாக வெட்டப் போகிறது என்று தெரியும். அதை அப்படியே அடுத்த முறை அவருக்கு எதிராகச் செய்யுங்கள். முதல் நிலையாக உங்கள் பி1, சி2 நிலையையே வைக்கலாம். வெள்ளை ராஜாவை ஒவ்வொரு முறையும் ஒரு கட்டம் கிட்டே வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் இருந்து ஏ1 தந்திரம் வேலை செய்யாமல் போகிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.